யப்பான் மெற்றல் இசைக்குழுவோடு ஒஷாவா வரை: ஒரு பொறாமைக்காரியின் பயணம்

இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நயாகராவுக்கு எந்த மாதம் போகலாம், அல்கொன்குயினில் இலை எப்போது சிவக்கும் என்றுதான் கேட்பீர்கள். இந்த முறை நான் போனது அப்படியான பயணம் இல்லை. போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும், மில்லிக்கனில் என் வீட்டிலிருந்து ரொறன்ரோ நகர மையத்துக்கும் அங்கிருந்து ஒஷாவாவுக்கும் போய் வந்தேன். காரணம் ஒரு யப்பானிய ஹெவி மெற்றல் இசைக்குழு. போகும்போதும் வரும்போதும் என்னோடு இருந்தது பொறாமை. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையில் வீதி இலக்கங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

குழுவின் பெயர் தெட்சு நோ அமே. இரும்பு மழை என்று பொருள். நாலு பேர். இப்போது எல்லாரும் அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. யப்பானுக்கு வெளியே அவர்களைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்குப் பதினைந்து வயதிலிருந்து தெரியும். ஸ்ரீல்ஸ் வீதியில் ஒரு சீன மோலில் மாமி சப்பாத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்துக் கடை வாசலில் பழைய சீடிகள் போட்ட பெட்டியொன்றைக் கிளறினேன். குடையில்லாமல் மழையில் நிற்கிற நாலு பேரின் படம் போட்ட சீடி ஒன்று கையில் வந்தது. யப்பான் சீடிகளுக்கு ஓரத்தில் ஒரு காகிதப் பட்டி சுற்றியிருக்கும். அது விலைச்சீட்டு என்று நினைத்துக் கிழிக்கப் போனேன், கடைக்காரர் கத்தினார். அன்றிரவு கேட்டேன். பிறகு வேறு எதுவும் கேட்கப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை அதைப் பள்ளிக்கூட பஸ்ஸில் டிலானிக்குக் கேட்கக் கொடுத்தேன். டிலானி மன்னார்க்காரி. அந்த நாளில் என் உயிர்த்தோழி. ஒரு காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "உது என்னடி, மாடு கத்துற மாதிரி இருக்கு" என்றாள். அடுத்த வாரம் அவளே திரும்பக் கேட்டு வாங்கினாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் கிடைக்கிற யப்பான் மெற்றல் எல்லாம் தேடினோம். பாட்டின் ஒரு சொல்லும் விளங்காது. விளங்காத சொல்லைச் சத்தமாகப் பாடுவதில் ஒரு சுகம் இருந்தது.

இருபத்திநாலு வயதில் ஆங்கிலம் படிப்பிக்கிற வேலைக்கு டிலானி யப்பானுக்குப் போனாள். நானும் போயிருக்கலாம். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. நான் போகவில்லை, அவ்வளவுதான். அவள் அங்கேயே தங்கினாள், மொழி படித்தாள், மெல்ல மெல்ல எங்களுக்குள் கதைபேச்சும் நின்றது. ஒரு நாள் தெட்சு நோ அமேயின் கிற்றார்க்காரர் கென்ஜியோடு தோள் உரச நிற்கிற படமொன்றை அவள் முகநூலில் போட்டாள். குழுவின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு மொழிபெயர்ப்பும் ஏற்பாடுகளும் இனித் தன் பொறுப்பாம். நூற்றுக்கணக்கான பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. அந்தப் படத்தை மட்டும் அடிக்கடி திறந்து பார்ப்பேன். அவளுடைய தோள் இருந்த இடத்தில் என் தோளை வைத்துப் பார்ப்பேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். சனிக்கிழமை மில்லிக்கன் ஸ்ரேசனில் ரயில் எடுத்தேன். யூனியனுக்கு முக்கால் மணித்தியாலம் வரும். அங்கே நிலத்துக்கு அடியிலேயே ஸ்பாடினா ஸ்ரீட்கார் என்கிற ட்ராம் நிற்கிறது. அதில் குயின் வீதியில் இறங்கி மேற்குப் பக்கம் நடந்தால் இசை அரங்குகள் வரிசையாக வரும். நகர மையத்துக்குக் காரில் போகாதீர்கள், பார்க்கிங்குக்குக் கொடுக்கிற காசில் ஒரு சீடி வாங்கலாம். ரிக்கெற் ஐம்பத்தைந்து டொலர். அரங்கு சிறியது, நின்றுதான் பார்க்க வேண்டும். காதடைப்பான் மறக்க வேண்டாம். நான் மறக்கவில்லை, ஆனால் போடவில்லை.

மூன்றாம் வரிசையில் நின்றேன். சீடியில் கேட்ட சத்தம் நெஞ்செலும்பில் வந்து மோதும்போது கண் கலங்கிவிட்டது. ட்ரம்ஸ் அடிக்கிற மியூகி குள்ளமான, கண்ணாடி போட்ட பெண். பாங்கில் வேலை செய்கிறவ மாதிரி இருப்பா. அவ அடிக்கத் தொடங்கினால் நிலம் ஆடும். நாலாவது பாட்டுக்குப் பிறகு கென்ஜி மைக்கைப் பிடித்தார். மேடையின் ஓரத்திலிருந்து கறுப்புச் சட்டையோடு டிலானி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் யப்பானிய மொழியில் பேச, அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இந்த நகரத்திலை, ஒரு மோலிலை, ஒரு பழைய பெட்டிக்குள்ளை பதினைஞ்சு வயசுப் பிள்ளை ஒண்டு எங்களின்ரை முதல் சீடியைக் கண்டெடுத்தது. காகிதப் பட்டியை விலைச்சீட்டெண்டு நினைச்சுக் கிழிக்கப் போனது. அந்தப் பிள்ளைதான் இண்டைக்கு எனக்குப் பக்கத்திலை நிக்குது" என்று கென்ஜி சொன்னாராம். "அந்தப் பிள்ளை நான்" என்று டிலானி முடித்தாள்.

சனம் கத்தியது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெடியன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். என் காது இரண்டும் சுட்டது. அந்த மோல் என்னுடையது, அந்தப் பட்டி என்னுடையது, கிழிக்கப் போன கை இந்தக் கை. பக்கத்தில் நின்றவனைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் விசர் என்று நினைப்பான். கடைசிப் பாட்டு முடிய முன்னமே வெளியே வந்தேன். ரிக்கெற் எடுத்ததை டிலானிக்குச் சொல்லவில்லை; நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்து சந்திக்கிறேன் என்று மட்டும் முன்பே செய்தி அனுப்பியிருந்தேன். 'காய்ச்சல் மாதிரி இருக்கு' என்று செய்தி அனுப்பிவிட்டு ரயில் ஏறினேன்.

ஞாயிறு காலை போன் அடித்தது.

"சுபா, காய்ச்சல் எப்பிடி?" டிலானி.

"பரவாயில்லை."

"உன்னட்டை வான் இருக்கல்லோ?"

இத்தனை வருடத்துக்குப் பிறகு அவளுடைய குரலில் நான் கேட்ட இரண்டாவது கேள்வி அது. வாடகைக்கு எடுத்த வாகனம் கியர் விழாமல் நிற்கிறதாம். ஒஷாவாவில் பின்னேரம் நாலு மணிக்கு நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமையில் வேறு வான் கிடைக்கவில்லை. ஒஷாவா வரை கொண்டுபோய் விட்டால், அங்கே இரவுக்கு வேறு வாகனம் வந்துவிடும், அதில் மொன்றியல் போய்விடுவார்களாம்.

என் கணவர் கண்டீபன் மேசையில் பாண் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "போட்டு வாரும், உமக்கு ஆசைதானே" என்றார்.

"எனக்கொரு ஆசையும் இல்லை."

"பின்னை ஏன் போனைக் கட் பண்ண முதலே சீப்பை எடுத்துத் தலை இழுக்கத் தொடங்கினனீர்?"

கூடாரம் அடித்துத் தங்கப் போகும்போது வானுக்கு மேலே பூட்டுகிற பெட்டியை அவர்தான் ஏற்றிப் பூட்டித் தந்தார். ஏழு பேர் இருக்கிற வான். கடைசி வரிசையில் பாதியை மடித்தால் ஆறு பேரும், கிற்றார்களும், மியூகியின் ஒரு ட்ரம்மும் மட்டுமட்டாகக் கொள்ளும். ஹோட்டல் வாசலில் அவர்கள் நாலு பேரும் பெட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். என்னைக் கண்டதும் நாலு பேரும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். நானும் குனிந்தேன், எங்கே நிற்பாட்டுவது என்று தெரியாமல் இன்னொரு முறையும் குனிந்தேன். டிலானி சிரித்தாள். கட்டிப்பிடித்தாள். அவளுடைய வாசம் மாறியிருந்தது. கென்ஜிக்கு முழங்கால் வருத்தம், காலை நீட்ட வேண்டும் என்று அவரை முன் சீற்றில் இருத்தினாள். என் இளமைக்காலம் முழுக்கச் சுவரில் ஒட்டியிருந்த மனிதர் என் பக்கத்தில் இருந்து சீற்பெல்ற் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் டிலானி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பகிடி எனக்கு விளங்கவில்லை. என் வானுக்குள் எனக்கு மட்டும் விளங்காத பகிடி.

டொன் வலி பார்க்வேயில் வடக்கே வந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பினோம். ஒருவரும் சாப்பிடவில்லை என்றபடியால் ஸ்காபரோவில் இறங்கி ஒரு பிளாசாவுக்கு விட்டேன். எங்கள் கடையொன்றில் மட்டன் றோல்ஸும் ரீயும் சொன்னோம். மியூகி ஒரு றோல் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் இரண்டு விரலைக் காட்டினா. இன்னும் இரண்டு வேணுமாம். கல்லாவில் நின்ற அன்ரிக்கு இந்தக் கூட்டத்தைப் பார்க்க அதிசயம்.

"ஆர் பிள்ளை இவை?"

"யப்பான் பாட்டுக்காரர் அன்ரி. நான் அவையோடை வேலை செய்யிறன்" என்றாள் டிலானி. பிறகு என்னைக் காட்டி, "இவ என்ரை ஃபிரெண்ட். இண்டைக்கு எங்கடை ட்ரைவர்" என்றாள்.

பகிடியாகத்தான் சொன்னாள். ரீயைக் கல்லாவில் வைத்தேன். மற்றவர்கள் உள்ளே சாப்பிட, நான் அவளைப் பார்க்கிங்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"நேற்று நான் வந்தனான்."

"எங்கை?"

"ஷோவுக்கு. மூண்டாவது வரிசை."

அவள் வானின் ரயரைப் பார்த்தாள்.

"அப்ப கேட்டனி."

"கேட்டன். அந்தப் பிள்ளை நீயோ?"

"இல்லை. நீதான்."

"பின்னை ஏன்டி?"

"நான் வேலை கேட்டுப் போன நேரம் அவருக்கு முன்னாலை இன்னும் கனபேர் நிண்டவை. எல்லாருக்கும் என்னை விட நல்ல யப்பான் பாஷை. ஏன் எங்களோடை வேலை செய்ய விருப்பம் எண்டு கேட்டார். மாடு கத்துது எண்டு சொன்ன பிள்ளை நான் எண்டு சொல்லேலுமோ? உன்ரை கதை வாயிலை வந்திட்டுது. அண்டைக்கு ஒருக்காத்தான் சொன்னன். அவர்தான் அதைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு ஊரிலையும் சொல்லுறார்."

"நீ மொழிபெயர்க்கிறாய்."

"ஓம். நான் மொழிபெயர்க்கிறன்."

"நீ யப்பானை எடுத்தாய், பாஷையை எடுத்தாய், அவையை எடுத்தாய். எல்லாம் நீ உழைச்சு எடுத்தது, அதிலை எனக்குப் பங்கில்லை. எரிச்சல் இருக்கு, ஆனா பங்கில்லை. இது ஒண்டுதான்டி என்னட்டை இருந்தது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கோபம் கூடியிருக்கும். "இண்டைக்கு ஷோ முடியட்டும், சொல்லுறன். இப்ப சொன்னால் அவர் மேடையிலை குழம்பிப் போவார்" என்றாள். கதவைத் திறந்து ட்ரைவர் சீற்றில் ஏறினேன்.

வானை ஸ்ரார்ட் பண்ணியதும், உள்ளே கிடந்த சீடி தானாகப் பாடத் தொடங்கியது. அவர்களுடைய முதல் இசைத்தட்டு. வெட்கமாகப் போய்விட்டது, நிற்பாட்டப் போனேன். கென்ஜி கையைக் காட்டி இருக்கட்டும் என்றார். பின்னால் பாடகரும் பேஸ் வாசிக்கிறவரும் ஏற்கனவே நித்திரை. மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு தனிக் கிற்றார் வரும். ஏறி ஏறிப் போய், இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறும். என் வாழ்க்கையில் கவலையான நாள் எல்லாவற்றிலும் அதைக் கேட்டிருக்கிறேன். என்னையறியாமல் என் விரல்கள் ஸ்ரியறிங்கில் அதை வாசித்துக்கொண்டிருந்தன. கென்ஜி என் விரலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தார்.

யப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். பிறகு டிலானியைத் திரும்பிப் பார்த்து இன்னொரு முறை சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"அந்தத் தனிக் கிற்றார் அவர் வாசிச்சது இல்லையாம்" என்றாள் டிலானி.

நான் லேனை விட்டு விலகிவிட்டேன், பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. அவர் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்ரூடியோவில் இரண்டு நாளாக அவருக்கு அந்த இடம் சரிவரவில்லையாம். இன்னொரு நாளுக்கு ஸ்ரூடியோவுக்குக் காசு கட்ட வழியில்லை, தயாரிப்பாளர் வேறொரு கிற்றார்க்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஆள் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரே தரத்தில் வாசித்துவிட்டுப் போய்விட்டாராம். அட்டையில் கென்ஜியின் பெயர்தான் வந்தது. பிறகு அவர் அதை அப்படியே பாடமாக்கினார். இன்றைக்கு வரை ஒவ்வொரு மேடையிலும் வாசிக்கிறார். நிகழ்ச்சி முடிய ரசிகர்கள் வந்து, சீடியில் இருக்கிற மாதிரியே வாசித்தீர்கள் என்று கையைப் பிடிப்பார்களாம்.

"அப்பிடிச் சொல்லுற ஆக்களிலை தனக்கு வெறுப்பு வருமாம்" என்றாள் டிலானி. "அந்த ஆள் இசையை விட்டிட்டு இப்ப மீன் வளர்க்கிறாராம். வருசப்பிறப்புக்கு வருசாவருசம் வாழ்த்து மட்டை அனுப்புவாராம். ஒருக்காலும் இதைப் பற்றி ஒரு சொல் எழுத மாட்டாராம். அதுதான் இன்னும் பொறாமையா இருக்காம்."

"இதை ஏன் என்னட்டைச் சொல்லுறார்?"

அவள் கேட்டாள். அவர் பதில் சொன்னார்.

"ஸ்ரியறிங்கிலை நீ வாசிச்சதைப் பார்த்தவராம். அப்பிடி வாசிக்கிற ஆளுக்குப் பக்கத்திலை பேசாமல் இருக்க ஏலாதாம்."

பிக்கரிங் தாண்டினோம். பிறகு டிலானி பேசத் தொடங்கினாள். யப்பானிய மொழியில், தலையைக் குனிந்துகொண்டு, நீளமாக. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நடுவில் 'சுபா' என்று கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை கேட்டது. மியூகி சன்னலை விட்டுத் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தா. கென்ஜி முதலில் அசையவில்லை. பிறகு உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பினார்.

"நீ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மோல்?"

"ஓம். நான்."

"முதல் தரம் கேட்டபோது பிடித்ததா?" இதைத் தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களை அடுக்கிக் கேட்டார்.

"இல்லை. பயமாக இருந்தது."

அவர் பெரிதாகச் சிரித்தார். நல்லது, நல்லது என்று தொடையில் தட்டினார். டிலானியிடம் அவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. ஏஜாக்ஸுக்குக் கிட்ட வரும்போது மட்டும் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவள் இரண்டு முறை தலையாட்டினாள். அது என்ன என்று எனக்கு ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

401 இல் சிம்கோ வீதி வெளியேற்றத்தில் இறங்கினால் ஒஷாவாவின் நடுப்பகுதி பக்கத்தில்தான். ஹோட்டலிலிருந்து சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வெறும் ஓட்டம் என்றால் ஒரு மணித்தியாலம், அறுபது கிலோமீற்றர். அரங்கு முன்பு பந்துருட்டும் விளையாட்டு நடந்த பழைய கட்டடம். தரை நல்ல வழுக்கு. அயலவர்கள் சத்தத்துக்கு முறைப்பாடு செய்வதால் பின்னேர நிகழ்ச்சிகள்தான். நூறு பேர் வரை வந்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் கார்த் தொழிற்சாலை ஆட்கள் போல இருந்தார்கள். ஒரு ஆள் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார்.

நாலாவது பாட்டு முடிந்தது. கென்ஜி மைக்கைப் பிடித்தார். டிலானி வந்து நின்றாள். அவர் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். மோல், பெட்டி, மழையில் நாலு பேர், காகிதப் பட்டி. "அந்தப் பிள்ளையின்ரை பெயர் சுபா" என்றாள். குரல் நடுங்கவில்லை. "கனகாலமா நான்தான் அந்தப் பிள்ளை எண்டு இவருக்குப் பொய் சொல்லியிருந்தனான். சுபா இண்டைக்கு இங்கை நிக்கிறா. எங்களை இங்கை கொண்டுவந்ததும் அவதான்."

சனம் திரும்பிப் பார்த்தது. தோளில் இருந்த பிள்ளை கையாட்டியது. நானும் ஆட்டினேன். நேற்றிலிருந்து இதைத்தானே கேட்டேன், நெஞ்சு நிறையும் என்று நினைத்தேன். மியூகி குச்சியைத் தட்டினா, பாட்டுத் தொடங்கியது, எல்லாரும் மேடைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். டிலானி மேடை ஓரத்தில் கென்ஜிக்கு மூன்றடி தள்ளிப் போய் நின்றாள். தண்ணீர்ப் போத்தலை எப்போது நீட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் கையை நீட்டும்போது பார்க்காமலே நீட்டினார். கதை எனக்குத் திரும்பி வந்தது. அந்த மூன்றடி அவளுடையதுதான். அந்தத் தனிக் கிற்றார் வந்தபோது அவர் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார். சீடியில் இருக்கிற மாதிரியே வாசித்தார். நான் கைதட்டவில்லை. அது அவருக்கு விளங்கியிருக்கும்.

முடிந்த பிறகு பார்க்கிங்கில் பெட்டிகளை மற்ற வானுக்கு மாற்றினோம். டிலானி கேட்டாள், "இன்னும் கோவமோ?"

"ஓம்."

"இனி ஒவ்வொரு ஊரிலையும் உன்ரை பேரோடைதான் கதை சொல்லுவாராம். நான் பொய் சொன்னதையும் சேர்த்து. நான்தான் அதை மொழிபெயர்க்க வேணுமாம். வானுக்குள்ளை அதுதான் சொன்னவர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பஸ்ஸில் விளங்காத பாட்டைக் கத்திப் பாடின அந்தச் சிரிப்பு இல்லை, வேறு சிரிப்பு. ஆனாலும் சிரிப்புத்தான்.

இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்கு: நகர மையத்துக்கு ரயில், ஒஷாவாவுக்குக் கார். 407 வேகம், ஆனால் கட்டணம் உண்டு, ஞாயிற்றுக்கிழமையில் 401 போதும். சிறிய அரங்குகளில் சீடியும் சட்டையும் நிகழ்ச்சிக்கு முன்பே வாங்குங்கள், பிறகு உங்கள் அளவு இருக்காது. யப்பான் இசைத்தட்டுகள் தேடுகிறவர்கள் ஸ்ரீல்ஸ் பக்கத்து மோல்களை இன்னும் கைவிட வேண்டாம். காகிதப் பட்டியைக் கிழிக்காதீர்கள்.

வன்கூவர் நிகழ்ச்சியை ஒரு ரசிகர் இணையத்தில் போட்டிருந்தார். கென்ஜி 'சுபா-ஸான்' என்கிறார். டிலானி தான் பொய் சொன்னதைச் சொல்கிறாள், சனம் அவளைப் பார்த்து அன்பாகச் சிரிக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் பெயர் வருகிற இடத்தை விட, அவள் பேசி முடிக்கும் வரை அவர் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிற இடத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

நவம்பரில் இருந்து செவ்வாய்க்கிழமைகளில் அஜின்கோர்ட் பக்கத்தில் ஒரு யப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறேன். முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் ஏன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டா. ஒருவர் வேலைக்கு என்றார், ஒருவர் கார்ட்டூன் பார்க்க என்றார். என் முறை வந்தபோது பொறாமையால் என்றேன். வகுப்புச் சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அதற்கு அவர்கள் மொழியில் ஒன்றுக்கு மேலே சொல் இருக்கிறதாம். எனக்கும் அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது என்று ஆசைப்படுவதற்கு ஒன்று, மனம் கிடந்து எரிவதற்கு ஒன்று. உங்களுக்கு எது வேணும் என்று கேட்டா.

இரண்டையும் எழுதித் தரச் சொன்னேன்.